ஏணியில் எத்தனையாவது படி?



ஒரு தாளில் ஏணி ஒன்று வரையப்பட்டிருக்கிறது. அடியில் சுழியம், உச்சியில் பத்து. 'உன்னால் நினைத்துப் பார்க்க முடிந்த மிக நல்ல வாழ்க்கை உச்சியில் இருக்கிறது. மிக மோசமான வாழ்க்கை அடியில் இருக்கிறது. இப்போது நீ எந்தப் படியில் நிற்பதாக நினைக்கிறாய்?' கேள்வி இவ்வளவுதான். ஹாட்லி கேன்ட்ரில் என்ற அமெரிக்க உளவியலாளர் 1965இல் வெளியிட்ட ஆய்வில் பெரியவர்களுக்காக அமைத்த ஏணி இது. இன்று கிரீன்லாந்திலிருந்து தஜிகிஸ்தான் வரை வகுப்பறைகளில் உட்கார்ந்திருக்கும் சிறுவர் சிறுமியர் அதில் ஒரு படியைக் குறித்துக் கொடுக்கிறார்கள்.

இதைச் செய்வது உலக சுகாதார நிறுவனத்தின் ஒத்துழைப்போடு நடக்கும் பள்ளி வயதினர் உடல்நல ஆய்வு. 1982இல் இங்கிலாந்து, பின்லாந்து, நார்வே ஆகிய மூன்று நாடுகளின் ஆய்வாளர்கள் சிலர் சேர்ந்து தொடங்கியது. இப்போது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கிறது. 11, 13, 15 வயதுப் பிள்ளைகள் பெயர் எழுதாமல் படிவத்தை நிரப்புகிறார்கள். 2021-22 சுற்றில் 44 நாடுகளையும் பகுதிகளையும் சேர்ந்த ஏறத்தாழ 2,80,000 பேர் பதில் சொன்னார்கள்.

ஏணியோடு வேறு கேள்விகளும் உண்டு. உன் உடல்நலம் மிக நன்றாக இருக்கிறதா, நன்றாக இருக்கிறதா, சுமாரா, மோசமா? கடந்த ஆறு மாதத்தில் தலைவலி, வயிற்றுவலி, முதுகுவலி, தலைசுற்றல் எத்தனை தடவை வந்தது? மனச்சோர்வு, எரிச்சல், படபடப்பு, தூக்கம் வராமை எத்தனை தடவை? அப்பாவிடம் மனம்விட்டுப் பேச முடிகிறதா? வகுப்புத் தோழர்கள் அன்பாக இருக்கிறார்களா? காலையில் சாப்பிட்டு வருகிறாயா?

மருத்துவமனைக் கணக்கைப் பார்த்தால் வாழ்நாளிலேயே ஆரோக்கியமான பருவம் இதுதான். குழந்தைப் பருவத்துத் தொற்றுநோய்களைத் தாண்டியாயிற்று. முதுமையின் நோய்கள் வெகுதூரத்தில் இருக்கின்றன. அதனால்தான் நெடுங்காலம் இந்த வயதினரை யாரும் தனியாகக் கவனிக்கவில்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனம் சொல்வது வேறு: 10 முதல் 19 வயதுவரை உள்ளவர்களில் ஏழில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருக்கிறது. வாழ்நாளில் வரும் மனநலக் கோளாறுகளில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளும் ஏறத்தாழப் பாதி 18 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன. இது எக்ஸ்ரேயில் தெரியாது, ரத்தப் பரிசோதனையிலும் தெரியாது. பிள்ளை வாய் திறந்து சொன்னால்தான் தெரியும். சொல்ல வேண்டுமானால் யாராவது கேட்டிருக்க வேண்டும்.

கேட்டபோது என்ன சொன்னார்கள்?

பணக்கார நாடுகளின் பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பு நடத்தும் பிசா தேர்வைப் பற்றி ஆசிரியர்கள் அறிந்திருப்பார்கள். 15 வயது மாணவர்களின் கணக்கு, அறிவியல், வாசிப்புத் திறனை நாடு நாடாக ஒப்பிடும் தேர்வு அது. 2015இல் அந்தத் தேர்வோடு வாழ்க்கை நிறைவைப் பற்றிய கேள்வியும் சேர்ந்தது. அமைப்பின் உறுப்பு நாடுகளின் சராசரி பத்துக்கு 7.3. மதிப்பெண் பட்டியலின் அடிப்பகுதியில் இருந்த டொமினிகன் குடியரசின் பிள்ளைகள் தங்கள் வாழ்க்கைக்கு 8.5 கொடுத்தார்கள். மெக்சிகோவின் பிள்ளைகள் 8.3. கணக்கிலும் அறிவியலிலும் உலகையே வியக்கவைக்கும் தென்கொரியாவின் பிள்ளைகள் கொடுத்தது 6.4. ஹாங்காங் 6.5, தைவான் 6.6, ஜப்பான் 6.8. எல்லோருக்கும் கீழே துருக்கி, 6.1. தென்கொரியாவிலும் துருக்கியிலும் ஐந்தில் ஒருவருக்கு மேல் ஏணியின் கீழ்ப்படிகளில் தங்களை நிறுத்திக்கொண்டார்கள்.

இதைக் கேட்டதும், நன்றாகப் படித்தால் மகிழ்ச்சி போய்விடும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதே பட்டியலில் பின்லாந்து 7.9, நெதர்லாந்து 7.8. இரண்டு நாடுகளின் பிள்ளைகளும் படிப்பிலும் நல்ல இடத்தில் இருந்தவர்கள். நெதர்லாந்தில் கீழ்ப்படிகளில் நின்றவர்கள் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. ஆகவே படிப்பைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. படிப்பு ஒரு பிள்ளையின் நாளில் எத்தனை மணி நேரத்தை விழுங்குகிறது, தோற்றால் என்ன ஆகும் என்ற அச்சம் எவ்வளவு பெரியது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

தென்கொரியாவில் நவம்பர் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் கல்லூரி நுழைவுத்தேர்வு நடக்கும். சுனுங் என்று பெயர். அன்று அலுவலகங்களும் பங்குச் சந்தையும் தாமதமாகத் திறக்கின்றன, தேர்வெழுதப் போகிறவர்கள் நெரிசலில் சிக்கக் கூடாது என்பதற்காக. தாமதமான மாணவரைப் போலீஸ் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய் விடுகிறது. ஆங்கிலக் கேட்டல் தேர்வு நடக்கும் அரைமணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக நாடு முழுவதும் விமானங்கள் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. ஒரு தேசமே தன் பிள்ளைகளுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் காட்சி அது. அன்பால்தான் செய்கிறார்கள், ஐயமில்லை. ஆனால் அந்த 18 வயதுப் பிள்ளையின் இடத்தில் இருந்து பாருங்கள். ஆகாயத்தில் விமானத்தை நிறுத்திவைக்கும் அளவுக்கு முக்கியமான ஒன்றில் நான் தோற்றால் எனக்கு என்ன மதிப்பு மிஞ்சும்? பள்ளி முடிந்து 'ஹக்வொன்' என்னும் டியூஷன் நிலையங்களில் இரவுவரை உட்கார்ந்திருக்கும் பழக்கம் முற்றிப்போனதால், இரவு பத்து மணிக்கு அவை மூடியாக வேண்டும் என்று சியோல் நகரம் விதி போட்டது. மூடினார்களா என்று பார்க்க ஆய்வாளர்களையும் அனுப்ப வேண்டியிருந்தது. 2016இலிருந்து நடுநிலைப் பள்ளிகளில் ஒரு பருவம் முழுக்க எழுத்துத் தேர்வில்லாமல் நடத்தும் முறையையும் நாடெங்கும் கொண்டுவந்தார்கள். நோயை அறிந்த நாடு அது. மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேடிக்கொண்டிருக்கிறது.

ஜப்பானின் கதை இன்னும் ஆழமாகப் பார்க்க வேண்டியது. யூனிசெஃபின் இன்னசென்டி ஆய்வு மையம் 2020இல் 38 பணக்கார நாடுகளின் பிள்ளைகளை ஒப்பிட்டது. உடல்நலத்தில் ஜப்பான் முதலிடம். பிள்ளைகள் பிழைத்து வளர்கிறார்கள், உடல் பருமன் குறைவு, மருத்துவம் எல்லோருக்கும் கிடைக்கிறது. அதே அறிக்கையில் மனநலத்தில் ஜப்பானின் இடம் 37. முதலிடமும் கடைசிக்கு முந்தைய இடமும் ஒரே நாட்டுக்கு, ஒரே பிள்ளைகளுக்கு. 2007இல் அதே மையம் வெளியிட்ட இன்னோர் அறிக்கையில், 'நான் தனிமையாக உணர்கிறேன்' என்ற வாசகத்தை ஒப்புக்கொண்ட 15 வயதினர் ஜப்பானில் ஏறத்தாழ 30 சதவீதம். அடுத்து வந்த நாட்டைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு அது. உடம்பைப் பேணுவதில் ஒரு சமூகம் பெற்ற வெற்றி தானாகவே மனத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஆனால் 2021இல் யூனிசெஃப், கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனத்தோடு சேர்ந்து 21 நாடுகளில் 15 முதல் 24 வயதுவரை உள்ளவர்களிடம் கேட்டபோது, தாங்கள் அடிக்கடி மனச்சோர்வாக, எதிலும் நாட்டமில்லாமல் இருப்பதாகச் சொன்னவர்கள் மிகக் குறைவாக இருந்த நாடுகள் எத்தியோப்பியாவும் ஜப்பானும். பத்தில் ஒருவர்தான். கேமரூனில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர். இந்தியாவிலும் வங்கதேசத்திலும் ஏழில் ஒருவர்.

அப்படியானால் ஜப்பானிய இளைஞர் சோர்ந்திருக்கிறாரா, இல்லையா? வாழ்க்கைக்கு மதிப்பெண் போடச் சொன்னால் குறைவாகப் போடுகிறார். சோர்வு உண்டா என்று நேரே கேட்டால் இல்லை என்கிறார். இரண்டுமே பொய்யில்லை. மகிழ்ச்சியை உரக்கச் சொல்வது அடக்கமின்மையாகக் கருதப்படும் ஊர்கள் உண்டு. துன்பத்தை வெளியே சொல்வது குடும்பத்துக்கு இழுக்கு என்று கருதப்படும் ஊர்களும் உண்டு. பல இடங்களில் இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. எனவே நாடுகளை வரிசைப்படுத்தும் பட்டியலைப் பார்த்து இவர்கள் இன்பமானவர்கள், அவர்கள் துன்பமானவர்கள் என்று முத்திரை குத்துவது தவறு. ஒரு நாட்டின் பிள்ளைகள் நான்கு ஆண்டுகளுக்கு முன் சொன்னதையும் இப்போது சொல்வதையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் கூடுதல் பயன் தரும்.

தன் நலத்தைத் தானே சொல்வதில் உள்ள சிக்கலைப் பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார். வங்கப் பஞ்சத்துக்கு மறு ஆண்டு, 1944இல், கல்கத்தாவுக்கு அருகில் சிங்கூரில் அகில இந்தியப் பொதுச் சுகாதார நிறுவனம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதம் பேர் தங்கள் உடல்நலம் சரியில்லை என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதவீதம். அந்தக் காலத்து வங்காளத்தில் விதவையின் தட்டில் என்ன இருந்தது என்று அறிந்தவர்களுக்கு இந்த எண்ணின் பொருள் புரியும். குறை சொல்லும் உரிமைகூடத் தனக்கு இல்லை என்று பழகிப்போனவர்களின் பதில் அது. 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதியபோது சென் இன்னோர் உதாரணம் காட்டினார். இந்தியாவில் ஆயுள் அதிகமான கேரளத்தில்தான் நோய் இருப்பதாகச் சொல்பவர்களும் அதிகம்; ஆயுள் குறைந்த பீகாரில் அப்படிச் சொல்பவர்கள் குறைவு. கேரளத்தையும் மிஞ்சி அமெரிக்காவில் நோய் சொல்கிறார்கள். படிப்பும் மருத்துவமனையும் அருகில் இருக்கும்போதுதான் உடம்பு சொல்வதைக் கேட்கும் காது வாய்க்கிறது.

இதை வளரிளம் பெண்களுக்குப் பொருத்திப் பாருங்கள். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று, 2019-21இல் நடந்தது. 15 முதல் 19 வயதுவரை உள்ள இந்தியப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே வயது ஆண்களில் 31.1 சதவீதம். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மாலையானால் கால் கடுக்கிறது, பாடத்தில் கண் செருகுகிறது. அந்தப் பெண்ணிடம் கேட்டால் 'நல்லாத்தான் இருக்கேன்' என்பாள். அம்மாவும் அக்காவும் அப்படித்தான் இருக்கிறார்கள். சோர்வில்லாத உடம்பு எப்படி இருக்கும் என்பதை அவள் ஒருநாளும் அறிந்ததில்லை. அவளுடைய பதிலை மட்டும் வைத்துக்கொண்டு குறையில்லை என்று எழுதிவிட்டால், நாமும் சிங்கூர்க் கணக்கெடுப்பு தெரியாதவர்களாகத்தான் இருப்போம்.

இதற்கு நேர்மாறானதும் நடக்கும். குறையே இல்லாத இடத்தில் குறையைக் கற்றுக்கொள்ள வைக்க முடியும். பசிபிக் பெருங்கடலில் உள்ள பீஜி தீவுகளில் நட்ரோகா என்ற மாகாணம். அங்கே பெண்ணின் உடம்பு திடமாக இருப்பதுதான் அழகு, குடும்பம் அவளை நன்றாகக் கவனித்துக்கொள்கிறது என்பதற்கு அடையாளம். இளைத்துப்போனால் ஊரே கவலைப்படும். 1995இல் அந்தப் பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. வந்த சில வாரங்களில் ஹார்வர்டின் மருத்துவ மானிடவியலாளர் ஆன் பெக்கர் அங்கிருந்த பள்ளி மாணவியர் 63 பேரிடம் உணவைப் பற்றியும் உடம்பைப் பற்றியும் கேட்டு எழுதினார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1998இல், அதே வயதில் இருந்த வேறு 65 மாணவியரிடம் கேட்டார். உணவுக் கோளாற்றுக்கான அறிகுறிகள் உள்ளவர்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 சதவீதமாகியிருந்தார்கள். சில நேரங்களிலாவது தாங்கள் குண்டாக இருப்பதாக நினைப்பதாக 1998இல் 74 சதவீதம் பேர் சொன்னார்கள். அங்கே காற்று மாறவில்லை, தண்ணீர் மாறவில்லை. தங்களை அளந்து பார்க்கும் கோல் மட்டும் வெளியிலிருந்து வந்து இறங்கியிருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு ஒரு பெட்டி. இன்றைக்கு ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒன்று.

கைபேசியைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. ஆனால் எல்லாப் பழியையும் அதன்மேல் போட்டுவிட்டுப் பெரியவர்கள் ஒதுங்கிக்கொள்வது சரியில்லை. உண்மை நிலவரம் இது: தொடக்கத்தில் சொன்ன பள்ளி வயதினர் ஆய்வில், சமூக ஊடகத்தை விட முடியாமல் தவிப்பவர்கள் 2018இல் 7 சதவீதம், 2022இல் 11 சதவீதம். பெண்களில் 13, ஆண்களில் 9. ஆறில் ஒரு பங்குப் பிள்ளைகள் இணையத்தில் சீண்டலுக்கும் கேலிக்கும் ஆளானதாகச் சொல்கிறார்கள். பிசா கணக்குகளை வைத்து 37 நாடுகளை ஆராய்ந்தவர்கள், 2012க்கும் 2018க்கும் இடையே பள்ளியில் தனிமை உணர்வு 36 நாடுகளில் கூடியிருந்ததைக் கண்டார்கள். கூடாத ஒரே நாடு எது தெரியுமா? ஏணியில் கீழே நிற்கும் அதே தென்கொரியா. மனித மனத்தை ஒற்றைக் காரணத்தில் அடக்கிவிட முடியாது என்பதற்கு அந்த ஒரு நாடே போதும். 16 வயது ஆகாதவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதை ஆஸ்திரேலியா 2025 டிசம்பரிலிருந்து தடை செய்திருக்கிறது. பலன் என்ன என்பதைச் சட்டம் இயற்றியவர்கள் சொல்வதைவிட அந்த நாட்டின் பிள்ளைகள் சொல்வதைக் கேட்டு அறிய வேண்டும்.

நாட்டுக்கு நாடு எண்கள் மாறினாலும் பெரும்பாலும் மாறாத செய்தி ஒன்று உண்டு. அது பதினைந்து வயதுப் பெண்ணைப் பற்றியது. பதினோரு வயதில் ஆண் பிள்ளையும் பெண் பிள்ளையும் ஏணியில் ஏறத்தாழ அருகருகே நிற்கிறார்கள். நான்கே ஆண்டுகளில் அவள் இறங்கிவிடுகிறாள். தலைவலியும் தூக்கமின்மையும் படபடப்பும் அவளுக்குக் கூடுகின்றன. அதே பள்ளி வயதினர் ஆய்வில் பாடச்சுமை அழுத்துவதாகச் சொன்ன 15 வயதுப் பெண்கள் 2018இல் 54 சதவீதம், 2022இல் 63 சதவீதம். அதே வயது ஆண்களில் 40 சதவீதம் 43 ஆகியிருக்கிறது. பிள்ளைகளின் சொர்க்கம் என்று பெயரெடுத்த நெதர்லாந்திலும் உயர்நிலைப் பள்ளி மாணவியரில் மன உளைச்சல் உள்ளவர்கள் 2017இல் 28 சதவீதமாக இருந்து 2021இல் 43 சதவீதம் ஆனார்கள். நடுவில் பெருந்தொற்று வந்தது உண்மை. ஆனால் சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதைப் பல நாட்டுக் கணக்குகள் காட்டுகின்றன. நன்றாகப் படிக்கவும் வேண்டும், அழகாகவும் இருக்க வேண்டும், எல்லோருக்கும் நல்லவளாகவும் இருக்க வேண்டும், அவள் வெளியே போகும் நேரமும் கணக்கில் இருக்க வேண்டும். இந்தச் சுமையை அவள் தலையில் ஏற்றியது கைபேசி மட்டுமில்லை.

பிரிட்டனைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் செல்வம் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நம்புவோர் உண்டு. 2007இல் யூனிசெஃப் 21 பணக்கார நாடுகளை ஒப்பிட்டபோது நெதர்லாந்து முதலிடம், பிரிட்டன் 21ஆம் இடம். அன்று அந்த நாட்டுப் பத்திரிகைகள் கொதித்தன. 2022 பிசா கணக்கை வைத்து அங்குள்ள சிறார் சங்கம் 27 ஐரோப்பிய நாடுகளை ஒப்பிட்டது. வாழ்க்கையில் நிறைவில்லை என்று சொன்ன 15 வயதினர் நெதர்லாந்தில் 6.7 சதவீதம், 27 நாடுகளின் சராசரி 16.6, பிரிட்டனில் 25.2. இடையில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பள்ளியை முடித்துப் போய்விட்டார்கள். கேட்டார்கள், பதிலும் வந்தது, அதன்மேல் போதுமான வேலை நடக்கவில்லை.

வேலை நடந்த நாடு ஐஸ்லாந்து. இந்தப் பேச்சு முழுவதிலும் நெஞ்சில் நிறுத்திக்கொள்ள வேண்டிய உதாரணம் அது.

தொண்ணூறுகளில் அந்தத் தீவு நாட்டின் வளரிளம் பருவத்தினர் ஐரோப்பாவிலேயே அதிகம் குடிப்பவர்களில் சேர்ந்தவர்கள். வெள்ளிக்கிழமை இரவு ரெய்க்யாவிக் தெருக்களில் நடக்க முடியாது என்பார்கள். 1998இல் 15-16 வயதினரில் 42 சதவீதம் பேர் கடந்த ஒரு மாதத்துக்குள் போதை ஏறக் குடித்ததாகத் தாங்களே எழுதிக் கொடுத்தார்கள். தினமும் புகைத்தவர்கள் 23 சதவீதம். போதையின் தீமையைப் பற்றிப் பாடம் நடத்திப் பயனில்லை என்பது அதற்குள் தெரிந்துபோயிருந்தது. இங்கா டோரா சிக்ஃபூஸ்டோட்டிர் என்ற சமூகவியலாளரும் அவருடைய சகாக்களும் படிவங்களை வேறு கண்ணோடு படித்தார்கள். குடிக்காத பிள்ளைகளின் வாழ்க்கையில் என்ன இருக்கிறது? விடை தெளிவாகவே இருந்தது: பெற்றோரோடு செலவிடும் நேரம், வாரத்தில் பல நாள் விளையாட்டு அல்லது இசைப் பயிற்சி, பள்ளியில் தன்னைக் கவனிக்க ஆள் இருக்கிறது என்ற உணர்வு, இரவில் தெருவில் சுற்றாமை.

அதன்பின் நடந்ததுதான் பாராட்டுக்குரியது. பிள்ளைகளைத் திருத்துவதை விட்டுவிட்டுப் பிள்ளைகளைச் சுற்றியுள்ளதைத் திருத்தினார்கள். புகையிலை வாங்க 18 வயது, மது வாங்க 20 வயது என்று சட்டம் இறுகியது. விளம்பரங்களுக்குத் தடை வந்தது. 13 முதல் 16 வயதுவரை உள்ளவர்கள் குளிர்காலத்தில் இரவு பத்து மணிக்குமேலும் கோடையில் நள்ளிரவுக்குமேலும் வெளியே இருக்கக் கூடாது என்று விதி. ஒவ்வொரு பள்ளியிலும் பெற்றோர் சங்கம். இரவுநேரக் கட்டுப்பாட்டை எல்லோரும் ஒன்றாகக் கடைப்பிடிப்போம் என்று பெற்றோர்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திட்டார்கள். 'எல்லாரும் போறாங்க, என்னை மட்டும் விட மாட்டேங்கிறீங்க' என்று எந்தப் பிள்ளையும் சொல்ல வழியில்லாமல் போயிற்று. நகராட்சி, கால்பந்து முதல் வயலின்வரை எதைக் கற்கவும் குழந்தைக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் பணம் ஒதுக்கியது. ரெய்க்யாவிக்கில் அது குழந்தை ஒன்றுக்கு 35,000 குரோனாவாக இருந்தது. ஏழை வீட்டுப் பிள்ளையும் மைதானத்துக்கு வந்தது.

2016இல் அதே வயதினரில் போதை ஏறக் குடித்தவர்கள் 5 சதவீதம். தினமும் புகைத்தவர்கள் 3 சதவீதம்.

இதற்கெல்லாம் அச்சாணி அந்தப் படிவம்தான். கணக்கெடுப்பு அடிக்கடி, முறையாக நடக்கும். ஏறத்தாழ இரண்டு மாதத்துக்குள் ஒவ்வொரு பள்ளிக்கும் ஊருக்கும் அதன் முடிவு போய்விடும். உலகச் சராசரியோ தேசியச் சராசரியோ தருவதோடு நிற்பதில்லை: உங்கள் பள்ளியில் எத்தனை பேர் தனிமையாக உணர்கிறார்கள், உங்கள் ஊரில் எத்தனை பேருக்குத் தூக்கமில்லை என்று சொல்லிவிடுவார்கள். பிள்ளை எழுதிய பதில் அந்தப் பிள்ளை பத்தாம் வகுப்பை முடிப்பதற்குள் பெற்றோர் கூட்டத்தின் மேசைக்கு வந்துவிடும். ஐஸ்லாந்தும் எல்லாவற்றையும் வென்றுவிடவில்லை. 59,000க்கும் அதிகமான வளரிளம் பருவத்தினரை வைத்துச் செய்த ஆய்வில், பெருந்தொற்றுக் காலத்தில் அங்கும் மனச்சோர்வு கூடியது, குறிப்பாகப் பெண்களிடம். ஆனால் அது அவர்களுக்கு உடனே தெரிந்தது. பல நாடுகளுக்குத் தெரியக்கூட இல்லை.

இனி இங்கே வரலாம். 2021இல் நடந்த யூனிசெஃப் ஆய்வில் இன்னொரு கேள்வி இருந்தது: மனநலச் சிக்கல் வந்தால் பிறரிடம் சொல்லி உதவி பெறுவது நல்லதா? 21 நாடுகளின் சராசரியில் 83 சதவீத இளைஞர்கள் ஆம் என்றார்கள். இந்திய இளைஞர்களில் 41 சதவீதம். பாதிக்கும் குறைவானோர் ஆம் என்ற ஒரே நாடு இந்தியா. சோர்வு இருக்கிறது என்று ஏழில் ஒருவர்தான் சொன்னார் என்ற முன்னைய எண்ணை இதன் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைப்பவர் சொல்ல மாட்டார். 2022இல் மத்திய அரசின் கல்வி ஆய்வு அமைப்பான என்சிஇஆர்டி நாடு முழுவதும் 6 முதல் 12ஆம் வகுப்புவரை படிக்கும் 3.79 லட்சம் மாணவர்களிடம் கேட்டபோது, தங்கள் பதற்றத்துக்குக் காரணம் படிப்பும் தேர்வும் தேர்வு முடிவும்தான் என்று 81 சதவீதம் பேர் எழுதினார்கள். பெயர் சொல்லத் தேவையில்லாத படிவம் என்றதும் பேசினார்கள்.

சூழலை மாற்றினால் பிள்ளை மாறும் என்பதற்கு ஐஸ்லாந்துவரை போக வேண்டியதுமில்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு 2017இல் கைவிட்டது. அதுவரை அந்த ஒரு காலை நேரம் எத்தனை வீடுகளில் எத்தனை மனங்களை நொறுக்கியது என்பது இங்கே அமர்ந்திருக்கும் ஆசிரியர்களுக்குத் தெரியும். பொதுத்தேர்வில் தவறியவர்கள் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதி, அதே ஆண்டில் கல்லூரிக்குப் போக வழி செய்ததும் அப்படிப்பட்ட ஒரு மாற்றம்தான். மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் தொடங்கிய ஸ்நேகா போன்ற தற்கொலைத் தடுப்பு அமைப்புகள் இதற்காகக் குரல் கொடுத்தன. 'ஒரு வருஷம் வீணாகிவிட்டது' என்ற எண்ணமே ஒரு பிள்ளையை விளிம்புக்குத் தள்ளுகிறது என்றால், அந்த ஒரு வருஷத்தை வீணாகாமல் பார்த்துக்கொள்வது அரசால் முடிகிற காரியம். முடிந்தது.

அடுத்து முடியக்கூடியது ஒன்றைச் சொல்லி அமர வேண்டும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகள்தோறும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் பெற்றோர்தான் பெரும்பான்மை. ஆண்டுக்கு ஒருமுறை, பெயரில்லாத ஒரு தாளை எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் கொடுங்கள். எத்தனை மணிக்குத் தூங்குகிறாய், காலையில் சாப்பிட்டாயா, பள்ளிக் கழிப்பறையை உன்னால் பயன்படுத்த முடிகிறதா, துக்கம் வந்தால் சொல்ல ஒரு பெரியவர் இருக்கிறாரா, ஏணியில் எத்தனையாவது படி? கேள்விகளைப் பிள்ளைகளோடு சேர்ந்தே தயாரியுங்கள். ஒரு மாதத்துக்குள் முடிவைக் குழுக் கூட்டத்தில் வாசியுங்கள். யார் எழுதியது என்று தேட வேண்டாம். தேடினால் அடுத்த ஆண்டு எல்லோரும் 'நல்லாத்தான் இருக்கேன்' என்று எழுதிவிடுவார்கள். வாசித்ததில் ஒன்றை எடுத்து, அந்த ஆண்டே சரிசெய்து காட்டுங்கள். கழிப்பறைத் தாழ்ப்பாளாக இருந்தாலும் சரி, மாலையில் பூட்டிக் கிடக்கும் மைதானமாக இருந்தாலும் சரி.

அதுவரைக்கும் காத்திருக்க முடியாத பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களுக்காக இரண்டு எண்களை ஒவ்வொரு வகுப்பறையின் கரும்பலகை ஓரத்திலும் எழுதிவையுங்கள்: சிறார் உதவிக்கு 1098, மனநல உதவிக்கு 14416. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.